பாயிண்ட் இருக்கிறது, பேச்சு இல்லை

வீட்டில் சிக்னல் பூஸ்டர் மாட்டியவர்கள் சொல்லும் குறைகளைக் கேட்டால் அவை பெரும்பாலும் மூன்றுக்குள் அடங்கிவிடும். "நாலு பாயிண்ட் காட்டுது, கால் போட்டா கட் ஆகுது." "அவங்க பேசுறது எனக்குக் கேக்குது, நான் பேசுறது அவங்களுக்குக் கேக்கலையாம்." "காலையில நல்லா இருந்துச்சு, சாயங்காலம் சுத்தமா டவர் இல்ல." மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. அவற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அதற்கு முன்னால் ஒரு செய்தி. விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை என்பதால் இங்கே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் தனியார் ஒருவர் மொபைல் சிக்னல் பூஸ்டரை வைத்திருப்பதும் விற்பதும் பயன்படுத்துவதும் சட்டத்துக்குப் புறம்பானது. 1885-ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டமும் 1933-ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டமும் உரிமம் இல்லாமல் இத்தகைய கருவியை வைத்திருக்க இடம் தரவில்லை. 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும் ரேடியோ கருவிக்கு அரசின் அங்கீகாரம் வேண்டும் என்றே சொல்கிறது. மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 2022 ஜனவரியில் பொதுமக்களுக்கும் ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்கும் இதை அறிவுரையாகவே வெளியிட்டது. உரிமம் பெற்ற மொபைல் நிறுவனங்கள் மட்டுமே பூஸ்டர் பொருத்தலாம்.

யூடியூபில் வெளிநாட்டுக்காரர் ஒருவர் கூரைமேல் ஆன்டெனா நட்டு, கீழே பெட்டி மாட்டி, சந்தோஷமாகப் பேசிக் காட்டுவார். அவர் ஊரில் அது செல்லும். அமெரிக்காவில் 2013-இல் தனி விதி வகுத்து, டவருக்குத் தொந்தரவு தராத வகைப் பூஸ்டர்களை மட்டும், நிறுவனத்திடம் பதிவு செய்து பயன்படுத்த அனுமதித்தார்கள். பிரிட்டனில் 2018-இல் சில வகைகளுக்கு விலக்கு கொடுத்தார்கள். நம் ஊரில் அப்படி ஒரு விலக்கு இல்லை. சில ஆயிரம் ரூபாய்க்கு இங்கே கைக்கு வரும் பெட்டிகளில் பல, அந்த நாடுகள் கேட்கும் பாதுகாப்பு ஏற்பாடுகள் எதுவும் இல்லாதவை.

ஆகவே பூஸ்டரைச் சரிசெய்யும் முறையை இந்த அத்தியாயத்தில் தேடாதீர்கள். அது ஏன் ஏமாற்றுகிறது, அதைக் கழற்றியபின் வீட்டுக்குள் தடையில்லாமல் பேச என்ன செய்யலாம் என்பவைதான் இங்கே இருக்கும். செய்ய வழி இருக்கிறது. மதுரையில் பல வீடுகளில் அதற்கான கம்பி ஏற்கெனவே சுவர்வரை வந்து நிற்கிறது.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது

போனில் தெரியும் பாயிண்ட், டவர் பேசுவது போனுக்கு எவ்வளவு கேட்கிறது என்பதை மட்டும் காட்டும். போன் பேசுவது டவருக்குக் கேட்கிறதா என்பதை அது காட்டாது. டவரில் ஒரு திசைக்கான கருவி பத்துக்கணக்கான வாட் சக்தியில் அனுப்புகிறது. போன் தன் முழு மூச்சையும் செலவழித்தாலும் அனுப்புவது சுமார் 0.2 வாட். ஆகவே எல்லையோரத்தில் முதலில் அறுந்துபோவது போனிலிருந்து டவருக்குப் போகும் வழிதான். எதிராளி பேசுவது உங்களுக்குக் கேட்டு, நீங்கள் பேசுவது அவருக்குக் கேட்கவில்லை என்றால் சந்தேகம் முதலில் அந்த வழியின்மேல்தான் விழ வேண்டும். வேறொரு போனில் சிம்மைப் போட்டுப் பார்த்து, மைக் கெட்டிருக்கவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

பூஸ்டரில் மூன்று உறுப்புகள். மொட்டை மாடியில் ஓர் ஆன்டெனா, நடுவில் சிக்னலைப் பெருக்கும் பெட்டி, வீட்டுக்குள் இன்னோர் ஆன்டெனா. உள்ளே இருக்கும் ஆன்டெனா விடுவது மேலே இருக்கும் ஆன்டெனாவுக்கே திரும்பக் கேட்டுவிட்டால் பெட்டி தன் குரலையே திரும்பத் திரும்பப் பெருக்க ஆரம்பிக்கும். கோயில் விழாவில் மைக்கை ஒலிபெருக்கிக்கு நேரே பிடித்தால் காது கிழியும்படி கீச்சிடுமே, அதேதான் இங்கேயும் நடக்கிறது. ரேடியோ அலையில் நடப்பதால் நம் காதுக்குக் கேட்பதில்லை.

இதைத் தடுக்க, பெட்டி எத்தனை டெசிபெல் பெருக்குகிறதோ அதைவிடப் பத்துப் பதினைந்து டெசிபெல் கூடுதலான தடுப்பு இரு ஆன்டெனாக்களுக்கும் நடுவில் இருக்க வேண்டும். 70 டெசிபெல் பெருக்கும் பெட்டி என்றால் 80-க்கு மேல் தடுப்பு தேவை. இரண்டு சென்ட் மனையில் கட்டிய மாடி வீட்டில் கணக்குப் போட்டுப் பாருங்கள். 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஆறு மீட்டர் இடைவெளி தருவது சுமார் 47 டெசிபெல். நடுவே ஒரு காங்கிரீட் தளம் இருந்தால் இன்னும் பதினைந்து வரும். மொத்தம் அறுபது சொச்சம். ஆன்டெனாக்களின் திசையைக் கவனமாகத் திருப்பிச் சிலவற்றைச் சேர்க்கலாம். எண்பதைத் தொடுவது கடினம். வில்லாபுரத்திலோ செல்லூரிலோ நெருக்கியடித்து நிற்கும் வீடுகளில் பக்கவாட்டில் தள்ளி வைக்கவும் இடம் கிடையாது. பெட்டி கீச்சிடும், அல்லது அது தானே தன் பெருக்கத்தைக் குறைத்துக்கொண்டு பயனில்லாமல் கிடக்கும். காலையில் நன்றாக இருந்து சாயங்காலம் படுத்துவிடும் பூஸ்டர்களில் பல இந்த எல்லைக்கோட்டில் நின்று ஊசலாடுகின்றன. கதவைத் திறந்தாலும் ஆன்டெனா காற்றில் சற்றுத் திரும்பினாலும் போதும், நிலை மாறிவிடும்.

இதைவிடப் பெரிய கேடு வீட்டுக்கு வெளியே. கீச்சிடும் பெட்டி டவரை நோக்கி ஓயாமல் இரைச்சலை அனுப்புகிறது. டவருக்கு அந்தத் திசையில் எந்தப் போனின் மெல்லிய குரலும் கேட்காமல் போகிறது. அந்தத் தெருவிலுள்ள எல்லாப் போன்களும் இன்னும் சத்தமாகப் பேச முயன்று சூடாகும், பேட்டரியைத் தின்னும், கடைசியில் கட் ஆகும். மாட்டியவர் போனில் நாலு பாயிண்ட் தெரிந்துகொண்டே இருக்கும். இரண்டு வீடு தள்ளி ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு 108-க்குப் போட்டுப் போட்டு லைன் கிடைக்காமல் நிற்பார். சட்டம் இந்தப் பெட்டியை ஏன் இவ்வளவு கண்டிப்புடன் பார்க்கிறது என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் பதில் இந்தக் காட்சிதான். கம்பியில்லாக் கண்காணிப்பு நிறுவனம் என்ற மத்திய அரசு அமைப்பு, மொபைல் நிறுவனங்கள் புகார் தரும்போது திசை காட்டும் கருவிகளோடு வந்து இப்படிப்பட்ட பெட்டிகளைத் தேடிப் பிடிக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. மலிவான பெட்டிகள் பல 900 மெகாஹெர்ட்ஸை மட்டுமே பெருக்கும். ஜியோவிடம் அந்த அலைவரிசையே கிடையாது; அதன் 4ஜி சேவை 850, 1800, 2300 ஆகியவற்றில் ஓடுகிறது. ஜியோ சிம் வைத்திருக்கும் வீட்டில் 900 பெட்டி மாட்டுவது வீண். 2300-இல் அனுப்புவதும் பெறுவதும் ஒரே அலைவரிசையில், நேரம் பிரித்துக்கொண்டு மாறி மாறி நடப்பதால் சாதாரணப் பெட்டி அதைக் கையாளவே முடியாது. பாயிண்ட் நிறைய இருந்தும் இணையம் நகராத வீடுகளில் இதையும் நினைத்துப் பாருங்கள்.

வீட்டில் ஏற்கெனவே பெட்டி இருந்தால் முதல் சோதனை அதன் பிளக்கைப் பிடுங்குவது. ஒரு முழு நாள் அணைத்து வைத்து, வழக்கமாகப் பேசும் நேரங்களில் பேசிப் பாருங்கள். பக்கத்து வீட்டாரிடமும் கேளுங்கள். அன்றைக்குத் தெருவில் நிலைமை தேறியிருந்தால் பெட்டி இனி அலமாரிக்குள்ளும் வேண்டாம். கழற்றி, பழைய மின்பொருள் வாங்குகிறவரிடம் கொடுத்துவிடுங்கள். வேறொருவருக்கு விற்பதும் சட்டத்துக்குப் புறம்பானதே.

மொட்டை மாடியில் தொடங்குங்கள்

பாயிண்டை நம்ப வேண்டாம், எண்ணைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸுக்குள் போன் பற்றிய விவரப் பக்கத்தில் சிம் நிலை என்ற இடத்தில் சிக்னலின் அளவு டி.பி.எம். என்ற அலகில் இருக்கும். ஐபோனில் டயல் பலகையில் *3001#12345#* என்று அடித்து அழைத்தால் சோதனைப் பக்கம் திறக்கும். செல்மேப்பர், நெட்வொர்க் செல் இன்ஃபோ போன்ற இலவசச் செயலிகள் எந்த அலைவரிசையில் இணைந்திருக்கிறோம் என்பதையும் சேர்த்துக் காட்டும்.

எண் எப்போதும் கழித்தல் குறியோடு வரும். பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. 4ஜி-யில் மைனஸ் 85-ஐவிட மேலாக இருந்தால் கவலையில்லை. மைனஸ் 100 வரை நன்றாகப் பேசலாம். 110-ஐத் தாண்டினால் பேச்சு இழுபடும். 115-க்குக் கீழே கட் ஆவதை எதிர்பார்க்கலாம். 3 டெசிபெல் குறைந்தால் சக்தி பாதியாகிவிட்டது என்று பொருள். 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்கு. மைனஸ் 95-க்கும் 105-க்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று இதிலிருந்து தெரியும்.

மொட்டை மாடிக்கு ஏறி, தண்ணீர்த் தொட்டியிலிருந்து விலகி நின்று எண்ணைக் குறியுங்கள். அரை நிமிடம் பொறுத்துப் பார்க்க வேண்டும். எண் ஆடிக்கொண்டே இருக்கும், சராசரியாக எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு மாடிப்படி, கூடம், படுக்கையறை, அடுப்படி. அதே போன், அதே சிம். மாடியில் மைனஸ் 85, படுக்கையறையில் மைனஸ் 112 என்றால் டவர்மேல் குறையில்லை. உங்கள் சுவரும் தளமும் 27 டெசிபெல்லைச் சாப்பிட்டிருக்கின்றன. மாடியிலேயே மைனஸ் 110 என்றால் அந்த நிறுவனத்தின் சிக்னல் உங்கள் தெருவுக்கே சரியாக வரவில்லை. எண் எல்லா இடத்திலும் நன்றாக இருந்தும் சாயங்காலம் ஏழிலிருந்து பத்துவரை மட்டும் இணையம் ஊர்ந்தால் டவரில் கூட்டம். இந்த மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. மாடியிலேயே சிக்னல் இல்லாவிட்டால் பூஸ்டருக்குப் பெருக்கக் கிடைப்பது இரைச்சல்தான். கூட்டத்துக்கோ அது எதுவும் செய்ய முடியாது. அது உதவக்கூடியது சுவர் சாப்பிடும் வீட்டில் மட்டும். அந்த வீட்டுக்குத்தான் சட்டம் அனுமதிக்கும் எளிய மருந்தும் இருக்கிறது.

எண்களைக் குறித்தபின் போனையும் ஒருமுறை பாருங்கள். வோல்ட்இ எனப்படும் 4ஜி வழிப் பேச்சு இயங்கும் நிலையில் இருக்க வேண்டும். 5ஜி மெல்லியதாக வரும் இடத்தில் போன் 4ஜி-க்கும் 5ஜி-க்கும் தாவிக்கொண்டே இருக்கும். சில நாள் 4ஜி-யில் நிறுத்தி வைத்துப் பாருங்கள். பல வருடம் பழைய, வெட்டிச் சிறிதாக்கிய சிம் அட்டை என்றால் நிறுவனக் கடையில் புதிது வாங்கிவிடுங்கள். பூஸ்டர் வாங்கும் எண்ணத்தில் இருந்தவருக்குச் சிம் மாற்றியதும் தொல்லை தீர்ந்துபோவதும் உண்டு.

மலையும் தகரமும்

வைகைச் சமவெளி தட்டையானது, டவருக்கு நல்ல நிலம். ஆனால் அதன் நடுவே கருங்கல் மலைகள் ஒற்றை ஒற்றையாக எழுந்து நிற்கின்றன. யானைமலை, திருப்பரங்குன்றம், நீண்டு கிடக்கும் நாகமலை, வடக்கே அழகர்மலை. கருங்கல்லை மொபைல் அலை துளைத்துப் போகாது. மலையின் ஓரத்தில் வளைந்து கொஞ்சம் வரும், அவ்வளவே. நரசிங்கத்திலோ தென்பரங்குன்றத்திலோ கீழக்குயில்குடியிலோ அடிவாரத்தை ஒட்டி இருக்கும் வீட்டுக்கு மலைக்கு அந்தப் பக்கம் நிற்கும் டவர் இருந்தும் இல்லாததுதான். இத்தகைய இடத்தில் எந்த நிறுவனத்தின் டவர் மலைக்கு இந்தப் பக்கம் இருக்கிறது என்பதே முக்கியம். தெருவில் நாலு வீட்டில் எந்த சிம் எடுக்கிறது என்று கேட்டாலே தெரிந்துவிடும். தரங் சஞ்சார் என்ற அரசின் இணையதளத்திலும் சுற்றுவட்டார டவர்களைப் பார்க்கலாம். அது 2017 முதல் இயங்குகிறது.

நகரத்துக்குள் தடை வேறு மாதிரி. ஆவணி மூல வீதி, மாசி வீதிச் சந்துகளில் டவர் அருகிலேயே இருக்கும். உயரமான கடைக் கட்டடங்களுக்கு நடுவே ஒடுங்கிய வீட்டின் பின்னறைக்கு அலை வந்து சேராது. ஒரு காங்கிரீட் சுவர் பத்து முதல் இருபது டெசிபெல்வரை எடுத்துக்கொள்ளும். அலைவரிசை உயர உயர இழப்பும் கூடும். 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள் சுவருக்குள் புகும் அளவுக்கு 2300-ஓ 5ஜி-யின் 3300-ஓ புகாது. பழைய மரக்கட்டை மச்சு வீடுகள் இந்த விஷயத்தில் புது வீடுகளைவிட நல்லவை.

புது வீடுகளில் இரண்டு பொருள்களைக் கவனியுங்கள். வெயிலைத் தாங்க மொட்டை மாடியில் தகரக் கொட்டகை போடுகிறார்கள், அதன் அடியில் வெள்ளிநிறத் தாள் ஒட்டுகிறார்கள். மதுரை வெயிலுக்கு அது தேவைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் உலோகம் அலையைத் திருப்பி அனுப்பிவிடும். அடுக்குமாடிகளில் போடும் வெப்பம் தடுக்கும் கண்ணாடியிலும் கண்ணுக்குத் தெரியாத உலோகப் பூச்சு இருக்கிறது. கொட்டகை போட்ட மாதத்திலிருந்து சிக்னல் போயிற்று என்றால் டவரைத் திட்டிப் பயனில்லை.

சோழவந்தான், அலங்காநல்லூர்ப் பக்கம் தென்னந்தோப்புக்குள் வீடு வைத்திருப்பவர்கள் மழைக்குப் பின் சிக்னல் குறைவதாகச் சொல்வார்கள். உண்மைதான், நனைந்த ஓலை அலையை உறிஞ்சும். வெட்டவெளி மழை மட்டும் போனின் அலையை அவ்வளவாகப் பாதிக்காது. ஒரு டவரை இன்னொரு டவரோடு இணைக்கும் மைக்ரோவேவ் இணைப்பு அதைவிடப் பல மடங்கு உயர்ந்த அலைவரிசையில் ஓடுவதால் கனமழையில் அது தளரும். பாயிண்ட் முழுதாக இருந்து இணையம் மட்டும் நின்றுபோகும் அடைமழை நேரத்தை அப்படிப் புரிந்துகொள்ளலாம்.

இதையும் சொல்லிவிடுகிறேன். பல தெருக்களில் சிக்னல் இல்லாததற்குக் காரணம், கதிர்வீச்சுக்குப் பயந்து டவர் வரவிடாமல் அந்தத் தெருக்காரர்களே தடுத்தது. அந்தப் பயத்தை நான் அலட்சியம் செய்யவில்லை; குழந்தைகள் இருக்கும் வீட்டில் யாருக்கும் வரும். டவர் கதிர்வீச்சுக்கு இந்தியா 2012 செப்டம்பரில் விதித்த வரம்பு, சர்வதேச ஆணையம் சொன்ன அளவில் பத்தில் ஒரு பங்கு. தரங் சஞ்சார் தளத்தில் கட்டணம் கட்டினால் உங்கள் வீட்டு வாசலிலேயே வந்து அளந்து காட்டுகிறார்கள். டவர் தூரம் போகப் போக, காதோடு ஒட்டிய போன்தான் அதிகச் சக்தியில் கத்த வேண்டியிருக்கிறது என்பதையும் தெருக்கூட்டத்தில் எடுத்துச் சொல்லுங்கள்.

கரண்ட் போனால்

மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் காலையிலிருந்து மதியம்வரை நிறுத்தும் நாளில் போனை ஒரு மணிக்கொரு தரம் பாருங்கள். கரண்ட் போய் இரண்டு மூன்று மணி நேரத்தில் எண் சட்டென்று விழுந்தால் உங்கள் டவரின் பேட்டரி பழசாகிவிட்டது, ஜெனரேட்டரும் ஓடவில்லை என்று ஊகிக்கலாம். போன் அதற்கப்பால் உள்ள டவரைப் பிடித்துக்கொண்டு திணறுகிறது. நிறுவனத்துக்குப் புகார் எழுதும்போது மின்தடை நாள், நேரம், எண் விழுந்த நேரம் மூன்றையும் சேர்த்து எழுதினால் அவர்களால் தட்டிக்கழிக்க முடியாது.

வைஃபை வழியே பேசுவது

வீட்டில் பைபர் இணைப்பு இருந்தால் சுவர்ச் சிக்கலுக்கு இதுவே மருந்து. ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் இதைக் கொண்டுவந்தன. வாட்ஸ்அப் போல எதிராளியிடம் செயலி இருக்க வேண்டியதில்லை. உங்கள் எண்ணிலிருந்தே யாருடைய எண்ணுக்கும், சாதாரண கீபேட் போனுக்கும் லேண்ட்லைனுக்கும் அழைக்கலாம். தனிக் கட்டணம் இல்லை. பைபர் எந்த நிறுவனத்துடையதாகவும் இருக்கலாம்; உள்ளூர் கேபிள்காரர் கொடுக்கும் இணைப்பிலும் இயங்கும்.

போனின் சிம் செட்டிங்ஸில் வைஃபை காலிங் என்ற பொத்தானைத் தட்டுங்கள். இரண்டு சிம் என்றால் இரண்டுக்கும் தனித்தனியே. பொத்தானே இல்லை என்றால் போனின் மென்பொருளைப் புதுப்பித்துப் பாருங்கள். ஒரு நிறுவனத்தின் சிம்முக்கு வேலை செய்து இன்னொன்றுக்கு வேலை செய்யாத போன்களும் உண்டு. பிறகு ஏரோப்ளேன் மோடைப் போட்டு, வைஃபையை மட்டும் திறந்து, யாருக்காவது அழையுங்கள். அழைப்பு போனால் எல்லாம் சரியாக இருக்கிறது.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பொத்தான் போட்ட பிறகும் போன் வைஃபையை விட்டு, படுக்கையறைக்குள் கசியும் மைனஸ் 114-ஐப் பிடித்துத் தொங்கும். சிக்னல் கொஞ்சமாவது இருந்தால் அதற்கே முன்னுரிமை தரும் போன்கள் நிறைய. செட்டிங்ஸில் வைஃபைக்கு முன்னுரிமை என்ற தேர்வு இருந்தால் அதை எடுங்கள். இல்லாவிட்டால் வீட்டில் இருக்கும் நேரம் ஏரோப்ளேன் மோடும் வைஃபையுமாக வைத்துக்கொள்ளலாம். வங்கியின் ஓ.டி.பி. அந்த நிலையிலும் வருகிறதா என்று ஒருமுறை சோதித்துவிட்டு அதற்குப் பழகுங்கள்.

பேச்சு விட்டுவிட்டு வந்தால் ரௌட்டரைப் பாருங்கள். டி.வி. அலமாரிக்குள் திணித்து வைத்த ரௌட்டர் கடைசி அறைக்குப் போதாது. வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டும், 5 கிகாஹெர்ட்ஸ் வேகமாக ஓடும் ஆனால் அடுத்த அறையிலேயே சோர்ந்துவிடும். நீளமான வீட்டில் இரண்டாவது ரௌட்டரை லேன் கம்பி இழுத்து நடுவில் வையுங்கள். இணையம் வேகமாக இருந்தும் வைஃபை காலிங் மட்டும் இணையவே இல்லை என்றால், ரௌட்டரில் யு.டி.பி. 500, 4500 என்ற இரண்டு வாசல்கள் அடைபட்டிருக்கலாம். இந்த இரண்டு எண்களை இணைப்புக் கொடுத்தவரிடம் சொல்லுங்கள், அவருக்குப் புரியும்.

கரண்ட் போனால் ரௌட்டரும் போகும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் பைபர் பெட்டியையும் ரௌட்டரையும் அந்த லைனில் மாட்டுங்கள். இல்லாவிட்டால் 12 வோல்ட் மினி யு.பி.எஸ். ஒன்று போதும். உங்கள் பெட்டிமேல் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் அதனோடு பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள். கேபிள்காரரிடம் ஒரு கேள்வியும் கேளுங்கள்: "அண்ணே, உங்க ஆபீஸ்ல இருந்து எங்க வீடு வர்ற வரைக்கும் நடுவுல கரண்ட் தேவைப்படுற பெட்டி ஏதாவது இருக்கா?" வெறும் கண்ணாடி இழை மட்டும் பிரிந்து வருகிற இணைப்பு என்றால் தெருவில் கரண்ட் இல்லாவிட்டாலும் ஓடும். கம்பத்தில் மின்பெட்டி தொங்குகிறது என்றால் உங்கள் யு.பி.எஸ். மட்டும் காப்பாற்றாது.

கீபேட் போன் வைத்திருக்கும் அப்பத்தாவுக்கோ தாத்தாவுக்கோ வைஃபை காலிங் உதவாது. அவர்களுக்கு பைபர் பெட்டியின் பின்னால் உள்ள போன் துளையில் சாதாரண லேண்ட்லைன் கருவியை மாட்டிக் கொடுங்கள். பெரும்பாலான திட்டங்களில் 0452-இல் தொடங்கும் எண் சேர்ந்தே வருகிறது. பெரிய பொத்தான் உள்ள கருவியாகப் பார்த்து, கட்டிலுக்குப் பக்கத்தில் வையுங்கள். தனியாக இருக்கும் முதியவர் வீட்டில் இதைவிட நம்பகமான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

அவசரத்துக்கு 112-ஐ அழைக்கும்போது வேறு நிறுவனத்தின் டவர் எட்டினாலும் அழைப்பு போகும். வைஃபை வழியாக அழைக்கிறீர்கள் என்றால் இருக்குமிடம் எதிர்முனைக்குச் சரியாகத் தெரியாமல் போகலாம். கதவிலக்கம், தெரு, அடையாளம் மூன்றையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

பைபர் வராத ஊரில்

உசிலம்பட்டிக்கு மேற்கேயும் மேலூரைத் தாண்டியும் தோட்டத்து வீடுகளுக்கு பைபர் வருவதில்லை. அங்கே மாடியில் மட்டும் சிக்னல் கிடைக்கிறது என்றால், அதை மாடியிலேயே இணையமாக மாற்றி வீட்டுக்குள் இறக்குவது வழி. ஏர்பைபர் என்ற பெயரில் ஏர்டெல்லும் ஜியோவும் 2023-இல் தொடங்கிய சேவைகள் இப்படித்தான் இயங்குகின்றன. மாடியில் ஒரு பெட்டி டவரைப் பார்த்து நிற்கும், உள்ளே வைஃபை. போனும் சிம்மும் போல அதுவும் வாடிக்கையாளர் கருவிதான். பூஸ்டருக்கான தடை அதற்கில்லை. 5ஜி இல்லாத இடத்தில் சிம் போடும் 4ஜி ரௌட்டரை இதே முறையில் வைக்கலாம்.

ரௌட்டரைக் கீழே வைத்து, மாடி ஆன்டெனாவிலிருந்து நீண்ட ஒயர் இழுக்காதீர்கள். கேபிள் டி.வி. ஒயர் இருபது மீட்டர் இழுத்தால் 1800 மெகாஹெர்ட்ஸில் வந்த சக்தியில் முக்கால் பங்கு ஒயரிலேயே தீர்ந்துவிடும். வெயிலும் மழையும் தாங்கும் வெளிப்புற ரௌட்டரை மாடியிலேயே பொருத்தி, லேன் கம்பியைக் கீழே இறக்குங்கள். அந்தக் கம்பி நூறு மீட்டர்வரை எதையும் இழக்காது. கரண்டையும் அதன் வழியே அனுப்பலாம். பிறகு கீழே வைஃபை காலிங்தான்.

நிறுவனத்திடம் கேட்பது

மாடியிலேயே எண் மோசமாக இருக்கும் வீட்டுக்கு இரண்டு வழிகள். ஒன்று, சிம்மை வேறு நிறுவனத்துக்கு மாற்றுவது. போர்ட் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு உங்கள் எண்ணை எழுதி 1900-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் எட்டு இலக்கக் குறியீடு வரும். மாற்றுவதற்குமுன் அந்த நிறுவனத்தின் சிம் உள்ள ஒரு போனை இரண்டு நாள் உங்கள் வீட்டில் வைத்து எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தைவிட அந்தத் தாள் பெரிய சாட்சி.

மற்றது புகார். 198-க்கு அழைத்து, புகார் எண்ணை வாங்காமல் போனை வைக்காதீர்கள். மாடியில் எடுத்த எண், அறையில் எடுத்த எண், அலைவரிசை, கட் ஆன நேரங்கள், வீட்டின் வரைபடப் புள்ளி இவற்றை ஒரே தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். பதில் திருப்தியில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதற்கும் பிறகு தொலைத்தொடர்புத் துறையின் பொதுமக்கள் குறைதீர்ப்புப் பிரிவு இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தொலைத்தொடர்பைச் சேவை என்று பெயர் சொல்லியே சேர்த்திருப்பதால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் தனித்தனியாக அழைப்பதை விட்டுச் சங்கத்தின் பெயரில் எழுதுங்கள். கட்டடத்துக்குள் சிறு ஆன்டெனாக்களைப் பொருத்தும் ஏற்பாடு நிறுவனங்களிடம் உண்டு. ஐம்பது வீடு சேர்ந்து கேட்டால் வந்து பார்க்கிறார்கள். சட்டப்படியான பூஸ்டர் என்பது அதுதான், அதை அவர்களே பொருத்தி அவர்களே பராமரிப்பார்கள்.

தெருவில் பலருக்கும் ஒரே நாளிலிருந்து பேச்சு அறுந்து, பாயிண்ட் மட்டும் முழுதாக நிற்கிறது என்றால் எங்கோ ஒரு வீட்டில் பூஸ்டர் கீச்சிடுகிறது என்று சந்தேகிக்கலாம். யார் வீடு என்று சண்டைக்குப் போகாமல், புகாரில் அந்தச் சந்தேகத்தையும் எழுதுங்கள். தேடிப் பிடிக்கக் கருவி அவர்களிடம் இருக்கிறது.

சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் ஆற்றில் இறங்கும் நேரத்தில் வைகைக் கரையில் எந்தப் போனும் எடுக்காமல் போவது டவரின் கொள்ளளவு நிரம்புவதால். அங்கே எண் மைனஸ் 70 இருக்கும், அழைப்பு போகாது. குடும்பத்தோடு போகிறவர்கள் சந்திக்கும் இடத்தையும் நேரத்தையும் கிளம்புமுன்பே பேசிவைத்துவிடுங்கள். தகவல் அனுப்ப வேண்டியிருந்தால் எஸ்.எம்.எஸ். சில சமயம் நுழைந்துவிடும்.

வாடகை வீடு பார்க்கப் போகிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்குமுன் கதவு ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுக்கையறையில் நின்று எண்ணைப் பாருங்கள். புது வீடு கட்டுகிறவர்கள் மின்சாரக் குழாய் பதிக்கும் நாளிலேயே மொட்டை மாடியிலிருந்து கூடம்வரை ஒரு அங்குலக் குழாய் ஒன்றும், கூடத்திலிருந்து ஒவ்வொரு தளத்துக்கும் ஒன்றும் தனியாகப் போடச் சொல்லுங்கள். கரண்ட் ஒயர் ஓடும் குழாயிலேயே லேன் கம்பியை நுழைக்க எலக்ட்ரீஷியன் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். குழாயின் மேல்வாயைக் கீழ்நோக்கி வளைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஐப்பசி மழைத் தண்ணீர் நேரே ரௌட்டருக்கு இறங்கும்.